அறுபது கிலோ எடைப்பிரிவு

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தேவிக்கு அம்மை போட்டுவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எங்கள் கபடி அணியின் ரைட் கார்னரில் நின்று, ரைடு வருகிறவளைப் பிடிக்க ஆள் இல்லை. எங்கள் கல்லூரியில் கபடி என்றால் "ஐயோ, மண்ணு" என்று ஓடுகிற பெண்கள்தான் அதிகம். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கனகா மிஸ் என்னைக் கூப்பிட்டு, "கேப்டன் நீதானட்டி, எங்ஙனயாவது போய் ஒருத்திய இழுத்துட்டு வா" என்றார்கள்.

விடுதியில் என் அறையிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று அப்போதுதான் தோன்றியது. ஜெபமலர். இரண்டாம் ஆண்டு வேதியியல், என் வகுப்பு. நல்ல உயரம், நல்ல உடம்பு. ஆனால் அந்த உடம்பை யாரிடமிருந்தோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி ஒளித்து வைத்திருப்பாள். யாரும் எழுந்திருக்கும் முன்பே குளித்துவிடுவாள். துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் ஊக்கு. அதற்கு மேலே ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டுதான் வகுப்புக்கு நடப்பாள். போட்டோ எடுத்தால் கடைசி வரிசையில் ஒரு முகம் மட்டும் தெரியும்.

"மலரு, சும்மா வந்து நில்லு, போதும்" என்றேன்.

"எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கதுக்கா?"

"சிரிக்கவ காலைப் புடிச்சு இழுத்துப் போட்டுரு. கபடின்னா அதுதானட்டி."

சாயங்காலம் வந்தாள். டிராக் பேண்ட், அவள் அண்ணனின் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் துப்பட்டா. துப்பட்டா போட்டு ஆட விதி இல்லை என்று சொல்லி வாங்கி வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் துணி துவைத்தேன். மெஸ்ஸில் பருப்பு வேகவில்லை.

சாயங்காலம் பயிற்சியில் நான் ரைடு போனேன். மலர் பக்கம் போய் அவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது. அவ்வளவுதான், வாயெல்லாம் மண். நான் இந்த மாவட்டத்தில் ஓரளவு பேர் வாங்கிய ரைடர். புதிதாக ஆடப் பழகுகிறவளிடம் குப்புற விழுந்ததும் எல்லாரும் ஓடி வந்து பார்த்தார்கள்.

"வலிக்குதாட்டி? தெரியாம இழுத்துட்டேன்" என்று மலர் பதறினாள்.

"தெரிஞ்சே இழு. இன்னொரு தடவை வாரேன்."

திரும்பத் திரும்பப் போனேன், திரும்பத் திரும்ப விழுந்தேன். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தாமல் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 14, சனி

மலர் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களையும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று முறைத்து வைத்திருந்தேன். முதலில் ஐந்து நிமிடம் சட்டையை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு ஆட்டம் சூடானதும் மறந்துவிட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

வள்ளியூரில் முதல் போட்டி. ஜெயித்தோம். எதிரணியில் ஒரு ரைடர், பாம்பு மாதிரி நெளிகிறவள். அவளை மலர் தொடைப்பிடி போட்டு நடுக் களத்தில் உட்கார வைத்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா சாப்பிட்டோம். முன்பெல்லாம் மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள், இன்று நடு மேசையில் உட்கார்ந்து, "அண்ணே, சால்னா" என்று குரல் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே என் காதருகில் சொன்னாள்:

"இந்தத் தொடையப் பாத்து எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமாட்டி? இன்னைக்கு அதோட பலத்துலதான் அந்தப் பிள்ளை மாட்டிக்கிட்டு முழிச்சா. எனக்கே என் காலு மேல ஒரு இது வந்துட்டு."

"என்ன இது?"

"மரியாதை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒட்டடைக்கம்பு என்பார்கள். எலும்பு தெரியக் கூடாது என்று வெயில் காலத்திலும் இரண்டு சட்டை போட்டவள் நான். ஒரு ரைடில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அந்தச் சுகம் மலருக்கும் கிடைத்ததில் சந்தோஷம். என்னால்தான் கிடைத்தது என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை. கிரவுண்டில் இப்போது தவளைகள்தான் பாட்டுக் கட்டி ஆடுகின்றன.

டிசம்பர் 19, வியாழன்

பொங்கலை ஒட்டிப் பக்கத்து ஊரில் பெண்கள் கபடி. அறுபது கிலோ எடைப்பிரிவு. அதற்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் களத்தில் இறங்க முடியாது. பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் கோச் வருகிறாராம். ரைடர் தேடுகிறாராம். பிடித்துப்போனால் விளையாட்டு விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கனகா மிஸ் பிரசவ விடுப்பில் இருக்கிறார்கள். போனில் சொன்னேன்.

"மலரை இதுல சேக்காத. சுபாவக் கார்னர்ல நிப்பாட்டு. பிப்ரவரில எடை பாக்காத மேட்ச் ஒண்ணு வருது, அதுல மலரை இறக்கு" என்றார்கள்.

சரி மிஸ் என்றேன். சுபா முதலாமாண்டுச் சிறுமி. எதிரணி ரைடர் மூச்சு விட்டாலே பறந்துவிடுவாள். நான் அவுட் ஆனால், எங்களில் ஒருத்தி எதிரணி ரைடரைப் பிடித்தால்தான் மறுபடி உள்ளே வர முடியும். பின்னால் நல்ல பிடி இல்லையென்றால் நான் பாதி நேரம் வெளியில்தான் உட்கார்ந்திருப்பேன். வெளியில் உட்கார்ந்திருப்பவளை எந்தக் கோச் பார்ப்பார்?

மெஸ் குடோனில் அரிசி நிறுக்கும் தராசில் மலரை ஏற்றினேன். அறுபத்து நாலு.

"நாலு கிலோதானட்டி. ஒரு மாசம் இருக்கு. உனக்கும் நல்லதுதான" என்றேன்.

உடனே சரி என்றாள். அவளுக்கே உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கும் போல.

டிசம்பர் 26, வியாழன்

விடுமுறை. வீட்டில் அம்மாவோடு சண்டை, காரணம் நினைவில்லை.

மலரின் அம்மா போன் செய்தார்கள். "ஏம்மா இசக்கி, கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து செஞ்சு வச்சிருக்கேன். இவ ஒண்ணு கூடத் தொடல. கறியும் வேண்டாங்கா. மேலுக்கு என்னமும் செய்யுதா?"

"டயட்டும்மா. போட்டி இருக்கு" என்றேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தா" என்றார்கள். நல்லவர்கள். ஆனால் விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஜனவரி 3, வெள்ளி

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட வைத்தால் வியர்வையில் எடை இறங்கும் என்று ஒரு பையன்கள் அணியின் வீடியோவில் பார்த்தேன். மலர் ஓடினாள். கோட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்து தண்ணீர் ஊற்றியது. எல்லாரும் சிரித்தோம், அவளும்தான்.

மெஸ்ஸில் அவள் தட்டிலிருந்து இரண்டாவது இட்லியை நானே எடுத்துச் சாப்பிட்டேன். அதற்கும் சிரித்தோம்.

ஜனவரி 11, சனி

எடை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிடி நழுவுகிறது. இன்று சுபா கூட அவளை உதறிவிட்டு ஓடிவிட்டாள்.

"இந்த மாசம் எனக்கு வரலட்டி" என்றாள் மலர், துணி மடிக்கிற சாக்கில்.

"போட்டி முடிஞ்சதும் எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

டாக்டர் மாதிரி எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. சரி, ஒரு வாரம்தானே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பு தின்று வாய் புண்ணாகிவிட்டது. சர்க்கரைப் பொங்கல் மூன்று தடவை வாங்கினேன். மலருக்கு "இன்னும் கொஞ்ச நாள்தான், விட்டுராத" என்று அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஜனவரி 18, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எடை பார்க்க வாழைத்தார் மண்டியிலிருந்து ஒரு எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து, மேடைக்குக் கீழே, ஊர் மத்தியில் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் போட்டிக்கு அப்படித்தான் செய்வார்கள். ஒளிவு மறைவு இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு எடையையும் மைக்கில் சொல்வார்கள். பெண்களுக்கும் அதையே செய்வார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. கேப்டன் நான். யோசித்திருக்க வேண்டும்.

"இசக்கிராணி, நாப்பத்தொம்பது" என்றார் கமிட்டிக்காரர். நான் துள்ளி இறங்கினேன்.

மலர் ஏறினாள். நேற்று மதியத்திலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"ஜெபமலர், அறுபதே முக்கா" என்று மைக் சொன்னது. "தங்கச்சி காலைல என்ன சாப்பிட்டுச்சோ. ஒரு ரவுண்டு ஓடிட்டு வாம்மா, தராசு எங்கயும் போயிராது."

ஊரே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பொங்கல் கூட்டம் அப்படித்தான். மலர் என்னைப் பார்த்தாள். 'வேண்டாம்ட்டி, வா, சுபா ஆடட்டும்' என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

கோயிலைச் சுற்றி ஓடினாள். நானும் கூட ஓடினேன். மறுபடி ஏறினாள். அறுபதே கால். அதையும் மைக்கில் சொன்னார்கள். மறுபடி ஓடினாள். ஓரமாக உட்கார்ந்து ஒரு டம்ளரில் எச்சில் துப்பினாள். வாயில் எச்சில் இல்லை, துப்பத் துப்ப ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தடவை அறுபது. கூட்டம் விசில் அடித்தது. நானும் கைதட்டினேன்.

முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு பிடி போட்டாள். நல்ல பிடி. பிறகு கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டுச் சுபாவை இறக்கினோம். அந்தச் சுண்டெலி முதல் ரைடிலேயே ஒருத்தியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கடைசி வரை நின்றாள். கோப்பையை வாங்கினோம். சுபாவே போதுமாக இருந்திருக்கிறாள்.

கோச் என்னிடம் வந்து பெயர் கேட்டார். நம்பர் கேட்டார். பேசிவிட்டுத் திரும்பினால், மலர் நாற்காலியில் மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சோடா கையில் அப்படியே இருந்தது.

"குடிட்டி, இனி என்ன" என்றேன்.

"குடிச்சா மறுபடி ஏறிரும்லா" என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். அம்மா தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தாள்.

ஜனவரி 27, திங்கள்

மலர் கிரவுண்டுக்கு வரவில்லை. தலைவலி என்றாள், ரெக்கார்டு எழுத வேண்டும் என்றாள். மெஸ்ஸில் அரை இட்லியோடு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, போட்டி முடிஞ்சிட்டு. ஒழுங்கா சாப்பிடு."

"இன்னும் ஒரு நாலு கிலோ குறைஞ்சா நல்லா இருக்கும்லாட்டி? நீதான உனக்கும் நல்லதுன்னு சொன்ன."

நான் சொன்னேன்தான்.

காலையில் நான் கண் விழிக்கும் முன்பே குளித்து முடித்து, துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 3, திங்கள்

லேபில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் குறைவாம். கனகா மிஸ் கைக்குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே போனில் என்னிடம், "நான் வேண்டாம்னு சொன்னேம்லாட்டி" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

பிப்ரவரி 8, சனி

எடை பார்க்காத போட்டி நாளைக்கு. மலரைக் கெஞ்சினேன்.

"அங்க எடையே பாக்க மாட்டாவ. நெசமாத்தான் சொல்லுதேன்."

"ஆளுகளுக்குத் தெரியும்லா."

"என்ன தெரியும்?"

"பஸ்ல ஏறுனா பயலுவ 'ஏ அறுபதே முக்கா'ன்னு கூப்பிடுதானுவ. என் பேரே அதுதான் இப்ப."

இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். முன்பே சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? அந்தப் பயல்களைப் போய் அடித்திருப்பேன். அதுதான் எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தவர் ஒருவர், சிரித்தவர்கள் ஊரார். ஆனால் அந்தத் தராசில் அவளை ஏற்றியது நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாரைப் பிடித்து முடித்துவிட்டு, அது போதாது என்று என் கையாலேயே உடைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நாளைக்குச் சென்னை ரயில். பெட்டி கட்டும்போது மலர் உதவி செய்தாள். ஜெர்சிகளை மடித்து அடுக்கினாள். மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருக்கிறது. பேச வேண்டும் என்று இருந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன்.

"மலரு, நான் செஞ்சது தப்பு. கோச் என்னையப் பாக்கணும்னு உன்னையப் பட்டினி போட்டேன். உனக்கு நல்லதுன்னு சொன்னது பொய். நீ மொதல்ல இருந்த மாதிரியே நல்லாத்தான் இருந்த. இப்ப சாப்பிடுட்டி. மறுபடி கிரவுண்டுக்குப் போ. உன் ஒடம்புக்கு ஒரு குறையும் கெடையாது, அழகா..."

"போதும்ட்டி" என்றாள்.

கோபமே இல்லை. ஜெர்சியை மடித்துக்கொண்டேதான் சொன்னாள். "என் ஒடம்பப் பத்தி நீ இனி ஒண்ணும் சொல்லாத. நல்லா இருக்குன்னும் சொல்லாத. நல்லா இல்லன்னும் சொல்லாத. நீ சொன்னா நான் அப்படியே கேட்டுருவேன். அதான் பயமா இருக்கு."

சரி என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சென்னை. விடுதி சுத்தமாக இருக்கிறது. கொசு உண்டு.

முதல் நாளே தராசில் ஏற்றினார்கள், மூடிய அறையில், ஒரே ஒரு பெண் பயிற்சியாளர் மட்டும். "எலும்பா இருக்கே. அஞ்சு கிலோ ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் வரை என் தோளெலும்பை நானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டது போல் இருந்தது.

மைக் இல்லாமல், சிரிப்பு இல்லாமல், ஒரே ஒருவர் சொன்னதற்கே எனக்கு இப்படி.

தட்டில் நாலு முட்டை வைக்கிறார்கள். தின்றுவிடுகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

சுபா போன் செய்தாள். செமஸ்டர் தேதி, மெஸ்ஸில் புதுச் சமையல்காரர், கனகா மிஸ்ஸின் குழந்தைக்குப் பேர் வைத்தது, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இவளைக் கபடி பாடவிட்டால் மூச்சே விட மாட்டாள்.

"கிரவுண்டுல எத்தனை பேர் வாரீய?" என்று கேட்டேன்.

"மலரக்கா வந்த பொறவு பத்துப் பேர் ஆயிட்டோம்க்கா."

அவளே தொடர்ந்தாள்.

"யாரும் கூப்பிடலக்கா, அவியளாத்தான் ஒரு நாள் வந்தாவ. சும்மா உக்காந்து பாத்துட்டு இருந்தாவ. மறுநா செருப்பக் கழத்திப் போட்டுட்டு உள்ள வந்துட்டாவ. எங்களை வரிசையா ரைடு வரச் சொல்லி ஒவ்வொருத்தியாப் பிடிச்சாவ. மொதல் வாரம் பிடி நிக்கலை. இப்ப நல்லா நிக்கு. ராத்திரி எங்க கூடத்தான் சாப்பாடு. போட்டிக்கெல்லாம் வர மாட்டாவளாம், சும்மா ஆடுததுக்கு மட்டும்தானாம். நல்லாச் சிரிக்காவக்கா." சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாவளே. நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

சுபா தயங்கினாள். "கோவத்துல எல்லாம் சொல்லலக்கா. 'இசக்கிக்குத் தெரிஞ்சா சந்தோசப்படுவா. அப்புறம் கேப்டன் ஆயிருவா'ன்னு சொன்னாவ."

சொல்ல மாட்டேன் என்றேன். நன்றாகப் படி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு மலரின் நம்பரை எடுத்தேன். 'சந்தோசமா இருக்குட்டி' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு நாளைக்கு அவள் கிரவுண்டுக்கு வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அழித்துவிட்டேன்.